கறுக்காத வெள்ளி

எங்கள் மாவட்டத்து நாணயம் சேகரிப்போர் குழுவிலிருந்து இரண்டு இளைஞர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு ஸ்பெயின் வெள்ளிக் காசுகளைப் பற்றி என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "பயனுள்ள குறிப்புகளா இருந்தா நல்லது சார்" என்று ஒருவர் பணிவாகச் சொன்னார். பயனுள்ள குறிப்பு வேண்டுமென்றால் பஞ்சாங்கம் வாங்கிப் படிக்கலாம். என்னிடம் இருப்பது வயிற்றெரிச்சல். அதைத்தான் எழுத முடியும்.

இப்போதெல்லாம் சேகரிப்பவர்கள் காசைக் கையால் தொடுவதே இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மேலே மார்க் ஒட்டி வாங்கிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கையெல்லாம் காசை வைத்து வாங்குகிறார்கள் போலிருக்கிறது. டப்பா வாங்க வசதியில்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது வாட்ஸ்அப். விடிந்ததும் எனக்கு ஒரு போட்டோ வரும். அதில் பாதி காசு, பாதி கட்டைவிரல். கீழே, 'சார், ஒரிஜினலா? என்ன போகும்?' என்று ஒரு கேள்வி. அந்தக் காசை அடித்த ராஜா யார், எந்த ஊர் வெள்ளி, எப்படி இந்தக் கரைக்கு வந்தது என்று ஒருவராவது கேட்டதுண்டா? மாடு வாங்குபவன்கூட பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்களுக்கு வாலின் படமே போதுமாக இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, விருதுநகர் பஜாரில் வேலாயுதம் அண்ணாச்சியின் பழங்காசுக் கடையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் செம்புக் காசுகளைக் கழுவிக் காயப்போட்டதிலும், புரியாத எழுத்துகளை எழுத்துக் கூட்டிப் படித்ததிலும் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தலை நரைக்கும் வரை அதே கடையில்தான் இருந்தேன். அண்ணாச்சி காலமான பிறகு கடையும் இல்லை, வேலையும் இல்லை.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காசு பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. கலெக்டரே வந்தாலும் அதை மாற்றமாட்டார். வந்தவரை முதலில் உட்காரவைத்து, எதிர்க்கடையில் காபி சொல்வார். தம்ளர் காலியாகும் வரை காசைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். அதன் பிறகும் கையை நீட்டி வாங்கமாட்டார். மேசைமேல் ஒரு பச்சைத் துணியை விரித்து அதில் வைக்கச் சொல்வார். கைக்குக் கை வாங்கினால், 'நான் குடுத்தது இது இல்லியே' என்று பின்னால் பேச்சு வருமாம். அப்புறம் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார். ராஜாவின் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்.

"மூஞ்சியப் பாக்குறவன்தாம்லே ஏமாறுவான். ஓரத்தப் பாரு" என்பார். அவர் எனக்கு வாய்விட்டுச் சொல்லித் தந்தது அது ஒன்றுதான்.

ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலும் பெருவிலும் வெள்ளியைத் தோண்டி அங்கேயே காசடித்தார்கள். எட்டு ரியால் என்பது அதில் பெரிய காசு, உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். அது கப்பலேறி மணிலா, சீனா என்று சுற்றி நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. அதன் ஓரத்தில் ஒரு வட்டம், ஒரு கட்டம், மறுபடி ஒரு வட்டம் என்று சுற்றிலும் வரிசை ஓடும். இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே உருட்டி அந்த வரிசையைப் பதித்தார்கள். அதனால் எதிரெதிரே இரண்டு இடத்தில் வரிசை பிசகி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். போலி செய்கிறவனுக்கு இந்தப் பிசகு கைவராது. அவன் செய்த காசின் ஓரம் ஒழுங்காக இருக்கும், இல்லையென்றால் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரியும். ஓரம் பார்த்த பிறகு சின்னத் தராசில் எடை. அதன் பிறகு காசை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் லேசாக ஒரு தட்டு. நல்ல வெள்ளி என்றால் சத்தம் இழுத்துக்கொண்டு போகும்.

எல்லாம் முடிந்து காசு அசல் என்று பட்டால், "எங்கன கெடச்சுது?" என்று கேட்பார். போலி என்றால் பச்சைத் துணியோடு காசை வந்தவர் பக்கம் நகர்த்திவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்யமா?" என்பார். அவ்வளவுதான். கொண்டுவந்தவரிடம் காசு போலி என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருமுறை காரணம் கேட்டதற்கு, "காசு டூப்புன்னு சொன்னா அவன் காசு மேலயா கோவப்படுவான்? எம்மேலதாம்லே கோவப்படுவான்" என்றார். விவரம் தெரிந்தவர்களுக்கு சௌக்கியம் விசாரித்ததுமே முகம் தொங்கிவிடும். தெரியாதவர்கள் மூத்தவன் படிப்பு, இளையவள் வரன் எல்லாம் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள்.

சிவகாசியில் ஸ்பெயின் காசு மோகம் பிடித்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு அச்சகத்துக்கு வடக்கத்தி ஆர்டர் ஒன்று வந்தது, வெடிப் பெட்டிக்கு லேபிள். படம் வரைபவர் எங்கிருந்தோ ஒரு எட்டு ரியாலின் படத்தைப் பிடித்து வந்தார். இரண்டு பக்கமும் தூண், நடுவில் கிரீடம் வைத்த கேடயம். கேடயம் என்னவென்று அவருக்குப் புரியவில்லை. அதைத் தூக்கிவிட்டு நடுவில் கஜலட்சுமியை உட்காரவைத்துவிட்டார். அந்த சீசனில் சரக்கு நன்றாகப் போனது. வெடி ஒழுங்காக வெடித்ததால் போயிருக்கும். முதலாளிமார்கள் அப்படி நினைப்பார்களா? தூணுக்கு நடுவில் லட்சுமி இருக்கும் காசு ராசியானது என்று பேச்சு கிளம்பி, ஆளாளுக்கு அசலைத் தேட ஆரம்பித்தார்கள். அசல் காசில் லட்சுமி இல்லை என்று தெரிந்து ஒருவர் எங்கள் கடைக்கு வந்து சண்டையே போட்டார்.

அந்த மோகத்தில் மூழ்கி எழாதவர் கதிரேசன் முதலாளி. எம். புதுப்பட்டிப் பக்கம் அவருக்குப் பட்டாசுக் கம்பெனி, வீடு சிவகாசியில். வீட்டு ஹாலின் நடுவில் ஒரு கண்ணாடி மேசை, அதற்குள் வெல்வெட்டில் வரிசையாக எட்டு ரியால்கள். மணிலாவுக்குப் போன கப்பல் மூழ்கி, கடலுக்கடியில் கிடந்து, ஆட்கள் மூச்சடக்கி எடுத்து வந்த புதையல் என்று ஒரு பம்பாய் புரோக்கர் சொல்லி விற்றிருந்தார். கடலில் அத்தனை காலம் கிடந்த காசு, கல்யாணத்துக்கு வாங்கிய புது எவர்சில்வர் மாதிரி பளபளக்கும். கதிரேசன் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசனைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்துப் பழகியவர்.

புதிதாக ஒன்று வாங்கும்போதெல்லாம் அண்ணாச்சியிடம் கொண்டுவருவார். அண்ணாச்சி ஓரம் பார்ப்பார், நிறுப்பார், தட்டுவார். பிறகு, "வீட்ல எல்லாரும் சௌக்யமா?" என்பார். ஒவ்வொரு தடவையும் இதேதான். "அண்ணாச்சிக்கு எங்க குடும்பத்து மேல தனிப் பாசம்" என்று கதிரேசன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் மத்தியானம் கதிரேசனின் மனைவி பவுன்தாய் அம்மா கடைக்கு வந்தார். காரைத் தெப்பக்குளத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, வெயிலில் தனியாக நடந்து வந்திருந்தார். காபி வந்தது. குடித்தார். பச்சைத் துணி விரிந்ததும், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு எட்டு ரியாலை வைத்தார். அது வழுவழுவென்று தேய்ந்து, வெள்ளையாக மின்னியது. பார்த்ததும் நானே போலி என்று முடிவுகட்டிவிட்டேன்.

"இது எங்கப்பா எனக்குச் சீரோட வச்சுக் குடுத்தது அண்ணாச்சி. ஆனைக்குட்டத்துல பருத்தி வெவசாயம் எங்களுக்கு. எங்க பாட்டன் காலத்துல தூத்துக்குடிக்குப் பருத்தி கொண்டுபோயி வாங்கிட்டு வந்த காசுன்னு சொல்லுவாரு. அவுக இதை டூப்புங்காக. வீட்டுக்கு யாரு வந்தாலும் அவுக காசையெல்லாம் காட்டிட்டு, கடேசியா இதை எடுத்து, 'இது எங்க மாமனாரு சீரு, பேரு ஒரு ராஜாது, மூஞ்சி ஒரு ராஜாது'ன்னு சொல்லிச் சிரிப்பாக. வந்தவுகளும் சிரிப்பாக. நான் காபித் தட்டோட நிப்பேன்."

காசைத் துணியின் நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி சொன்னார்: "எங்கப்பா சாகக் கெடக்கையிலகூட, 'மாப்பிள்ள இன்னும் அந்தக் காச டூப்புன்னுதான் சொல்றாராம்மா?'ன்னு கேட்டாரு. நான் பால ஊட்டிவிட்டுட்டு வந்துட்டேன். எம்மகளுக்கு வரன் வந்துக்கிட்டிருக்கு. அவ சீர்த்தட்டுல இதை வைக்கக்கூடாதுன்னுட்டாக. உண்மை என்னன்னு எனக்குத் தெரியணும்."

அண்ணாச்சி காசை எடுத்து ஓரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார், நேர் எதிரே திருப்பி மறுபடி நிறுத்தினார். தராசில் வைத்தார். எடை இருக்க வேண்டியதைவிட ஒரு மயிரிழை குறைந்தது. பிறகு விரலில் நிறுத்தித் தட்டினார். தெருவில் தட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது, அதையும் மீறி அந்தச் சத்தம் நின்று கேட்டது.

"எங்கன கெடச்சுது தாயி?" என்றார் அண்ணாச்சி. அந்த அம்மா இப்போதுதான் அதைச் சொல்லி முடித்திருந்தார். பழக்கதோஷத்தில் வந்த கேள்வி அது. அப்படியென்றால் காசு அசல்.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி லென்ஸை எடுத்து முகத்தைப் பார்த்தார். கதிரேசன் சொன்னது பொய்யில்லை. பெயர் நாலாம் சார்லஸுடையது, முகம் அவர் அப்பா மூன்றாம் சார்லஸுடையது. அப்பா செத்துப்போனார், மகன் பட்டத்துக்கு வந்தார். சேதி கடல் தாண்டி மெக்சிகோவுக்கு வந்துவிட்டது, புது ராஜாவின் முகம் வந்து சேரவில்லை. காசடிப்பதை நிறுத்த முடியுமா? பழைய முகத்தைச் சுற்றிப் புதுப் பெயரைப் பதித்து அடித்துவிட்டார்கள். நம் ஆபீஸ்களில் அதிகாரி மாறினால் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவார்களே, அதே வேலைதான். சேகரிப்பவர்கள் அலைந்து தேடுகிற காசு அது. கதிரேசன் ஒரு புத்தகத்தில் பாதிப் பக்கம் படித்திருக்கிறார். மீதிப் பாதியில்தான் இது இருந்திருக்கும்.

இதையெல்லாம் அண்ணாச்சி விளக்கமாகச் சொன்னார். "நல்ல காசு தாயி. உங்கப்பா ஒங்களுக்குக் கொறையா ஒண்ணும் குடுக்கல" என்றார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை எங்க வீட்டுக்கு வந்து அவுக முன்னால சொல்லணும் அண்ணாச்சி."

அண்ணாச்சி பச்சைத் துணியை மடித்தார். "அதெல்லாம் எதுக்கு தாயி. வீட்ல எல்லாரும் சௌக்யமா?"

எனக்கு அன்றைக்கு அண்ணாச்சி மேலேயே வெறுப்பு வந்தது. கதிரேசன் பெரிய வாடிக்கை, அவரைப் பகைத்தால் அவர் சேக்காளிகள் அத்தனை பேரும் கடைப் படி ஏறமாட்டார்கள். அதற்காக இந்த அம்மாவிடமுமா?

பவுன்தாய் அம்மா எழுந்திருக்கவில்லை. "வீடு சௌக்யமாத்தான் இருக்கு. நான் காசப் பத்திக் கேக்க வந்தேன். இன்னொண்ணு சொல்லுங்க. எங்க வீட்ல வெள்ளி வெளக்கு கறுக்குது. குங்குமச்சிமிழ் கறுக்குது. எம்மக கொலுசு கறுக்குது. எங்கப்பா குடுத்த இந்தக் காசும் கறுக்குது, வாராவாரம் விபூதி போட்டுத் தேய்க்கேன். அவுக கண்ணாடிக்குள்ள வச்சிருக்கிறது மட்டும் கறுக்கவே மாட்டேங்குது. தொடச்சதுகூடக் கெடையாது. அது ஏன் அண்ணாச்சி?"

சிவகாசியில் பிறந்த யாருக்கும் அதற்குப் பதில் தெரியும். வெடிமருந்து கலக்கும் அறையிலிருந்து ஒருவன் போட்ட சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தாலே போதும், கந்தகம் காற்றில் ஏறி வீட்டிலுள்ள வெள்ளியையெல்லாம் கறுக்கவைத்துவிடும். கந்தகத்தை மூட்டை மூட்டையாக வாங்கி வியாபாரம் செய்கிற கதிரேசனோ, "இம்போர்ட்டட் வெள்ளி, நம்மூரு வெள்ளி மாதிரி கறுக்காது" என்று மேசையைத் தட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். சொந்தத் தொழில் சொல்லித் தருவதைவிட பம்பாய்க்காரன் சொன்னது அவருக்குப் பெரிதாகப் போயிற்று.

"சீசன் பூசைக்கு வாரேன் தாயி" என்றார் அண்ணாச்சி கடைசியில்.

தீபாவளிச் சரக்கெல்லாம் போன பிறகு, புது சீசனைத் தொடங்க கதிரேசன் வீட்டில் ஒரு பூசை நடக்கும். ஏஜெண்டுகள், அச்சகத்துக்காரர்கள், மற்ற கம்பெனி முதலாளிகள் எல்லாரும் வருவார்கள். அண்ணாச்சியும் நானும் போனோம். பூசை முடிந்ததும் வழக்கம்போல எல்லாரையும் கண்ணாடி மேசையைச் சுற்றி நிறுத்தி, கதிரேசன் மணிலாக் கப்பலை மறுபடியும் மூழ்கடித்தார். வழக்கம்போலக் கடைசியில் மாமனார் சீர். வழக்கம்போலச் சிரிப்பு. தட்டோடு நின்ற பவுன்தாய் அம்மா அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, கொஞ்சம் கந்தகம் கெடைக்குமா?" என்றார் அண்ணாச்சி.

மறுபடி சிரிப்பு. சிவகாசியில் வந்து கந்தகம் கிடைக்குமா என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆபீஸ் அறையிலிருந்து சாம்பிள் பொட்டலம் ஒன்று வந்தது. அண்ணாச்சி இரண்டு கிண்ணங்கள் கேட்டு வாங்கி, சொட்டுத் தண்ணீர் விட்டுக் கந்தகத்தைக் குழைத்தார். "ஒங்ககிட்ட உள்ளதுலயே நல்ல காசா ஒண்ணு குடுங்க" என்றார். கதிரேசன் ஏதோ மருந்து போட்டுப் பாதுகாக்கும் வித்தை என்று நினைத்திருக்க வேண்டும், நடுவில் இருந்ததைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். ஒரு கிண்ணத்தில் அது. இன்னொன்றில், அன்று காலைதான் விபூதி போட்டுத் தேய்த்த மாமனார் சீர். இரண்டையும் கந்தகத்தில் புதைத்து முற்றத்து வெயிலில் வைக்கச் சொன்னார்.

அசல் காசைக் கந்தகத்தில் போடுவதா என்று டப்பாக்காரர்கள் பதறுவார்கள். வருஷக்கணக்கில் விபூதியில் தேய்ந்த காசுக்கு இனி வர என்ன கேடு இருக்கிறது? கெடுதல் எல்லாம் ஏற்கெனவே பக்தியோடு செய்தாகிவிட்டது.

பந்தி நடந்தது. சாப்பாடு பிரமாதம், அதைக் குறை சொல்லமாட்டேன். வெற்றிலை போட்டு, வம்பு பேசி, ஒரு முதலாளி குறட்டை விட்டு எழுந்தும் ஆயிற்று. வெயில் சாய ஆரம்பித்ததும் அண்ணாச்சி கிண்ணங்களைக் கொண்டுவரச் சொல்லி, எல்லார் முன்னாலும் ஈரத்துணியால் இரண்டு காசுகளையும் துடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஆனைக்குட்டத்துக் காசு பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. மணிலாக் காசு போனபடியே பளபளவென்று வந்திருந்தது.

கதிரேசனுக்கு உடனே முகம் மலர்ந்தது. "பாத்தீகளா, கறுக்கல!" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கந்தகத்தில் பிழைப்பவர்கள். அச்சகத்துக்காரர் ஒருவர் தன் விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தைப் பார்த்தார். அது கறுத்துக் கிடந்தது. கதிரேசன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் தன் மனைவியைப் பார்த்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தார். "வீட்ல எல்லாரும் சௌக்யமா மொதலாளி?" என்றார். அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு.

கதிரேசன் திருந்திவிட்டார் என்று எழுதினால் உங்கள் மலருக்கு நன்றாக இருக்கும். அவர் திருந்தவில்லை. நாலு வாரம் போனதும் கடைக்குப் போன் செய்தார். பழைய காசுகளையெல்லாம் கண்ணாடி மேசையிலிருந்து எடுத்துவிட்டாராம். நடுவில் ஒரே ஒரு காசு வைக்கப் போகிறாராம். "அப்பா மூஞ்சி, மகன் பேரு. மெட்ராஸ்ல கேட்டேன், இந்தப் பக்கத்துலயே ஒருத்தர்ட்டயும் கெடையாதாம். எங்க மாமனாரு லேசுப்பட்ட ஆளா?" என்றார். எத்தனையோ வருஷமாகச் சிரித்த அதே வாய். அண்ணாச்சி வந்து தன் கையால் எடுத்து வைக்க வேண்டும் என்று கார் அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

மேசை காலியாக இருந்தது. புது வெல்வெட், நடுவில் வட்டமாக ஒரு குழி. கீழே பித்தளைத் தகட்டில் எழுத்துகூடப் பொறித்தாகிவிட்டது, தன் பெயரைத்தான்.

"பவுனு, அந்தக் காச எடுத்துட்டு வா. அண்ணாச்சி வந்திருக்காக" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பவுன்தாய் அம்மா வந்தார். கையில் தட்டு இல்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மேசைமேல் வைத்தார். பீரோச் சாவி, ஸ்டோர் ரூம் சாவி, கொல்லைக் கதவுச் சாவி, அவற்றோடு எட்டு ரியால். ராஜாவின் கழுத்தில் ஆசாரி சுத்தமாக ஒரு ஓட்டை போட்டு, வளையத்தில் கோத்திருந்தார். நான் அந்தத் தொழிலில்தான் காலம் தள்ளினேன். ஓட்டை விழுந்த காசு சேகரிப்பவனுக்குச் செத்த காசு என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த ஓட்டையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கதிரேசன் தலையில் கை வைத்துவிட்டார். "அடிப் பாவி, ஓட்டையப் போட்டுட்டியே! இனிமே இதுக்கு என்ன மதிப்பு இருக்கு?"

"இம்புட்டு நாளும் இந்த வீட்ல என்ன மதிப்பு இருந்துச்சோ, அதேதான்" என்றார் பவுன்தாய் அம்மா.

அண்ணாச்சி சௌக்கியம் விசாரிக்கவில்லை. அந்த அம்மா கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களுக்குக் காபி போட உள்ளே போனார். அடுப்படி வரைக்கும் காசு சாவிகளில் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.